ஏ. கே. இராமானுஜன்: கன்னடத்தின் வழியே தமிழுக்கு வந்தவர்

சங்க இலக்கியத்தை ஆங்கில உலகு அறியச் செய்தவர் யார் என்ற வினா எமது கருத்தரங்குகளில் எழும்போதெல்லாம் ஏ. கே. இராமானுஜனின் பெயர் தவறாது கூறப்படுகின்றது. கூறுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுவர். அவர் சிகாகோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்பது ஒன்று. குறுந்தொகைப் பாடல்களை அழகிய ஆங்கிலத்திற் பெயர்த்தவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயின் இவற்றோடு நிறுத்திக்கொள்வது ஒருவரைப் பாதி முகத்தோடு அறிமுகஞ் செய்வதாகும். இராமானுஜன் தம் வாழ்நாளில் மூன்று கவிதைத் தொகுதிகளையும் ஒரு குறுநாவலையும் கன்னட மொழியில் எழுதினார். வீட்டுமொழி தமிழாயிருந்தும் தமிழில் அவர் கவிதைத் தொகுதி எதனையும் வெளியிடவில்லை. கன்னட வாசகர் அவரைத் தம்முடைய நவீன கவிஞருள் ஒருவராகவே கணிக்கின்றனர். நாமோ அவரைத் தமிழின் தூதுவராகக் கொண்டாடி, அந்தக் கன்னடப் பகுதியை ஏதோ இளமைக்கால விளையாட்டுப்போலக் கடந்துசெல்கிறோம்.

இராமானுஜனின் கன்னடத்தை விலக்கிவிட்டு அவருடைய தமிழ்ப்பணியை விளங்கிக்கொள்ள இயலாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. அவர் தமிழுக்குத் திரும்பிய பாதை கன்னடத்தின் ஊடாகவே சென்றது. அப்பாதை அவருக்குத் தந்த கூர்மையும், அது அவருக்கு மறைத்த சில உண்மைகளும் ஒருங்கே நோக்கப்பட வேண்டியவை.

1929 ஆம் ஆண்டு மார்ச் 16 ஆந் திகதி மைசூரில் ஒரு வைணவக் குடும்பத்தில் இராமானுஜன் பிறந்தார். தந்தையார் அத்திப்பட்டு ஆசூரி கிருஷ்ணசுவாமி மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வான நூலும் சோதிடமும் ஒருவரிடத்தே முரணின்றிக் குடியிருந்த விந்தையைப் பின்னாளில் மகன் தம் கட்டுரையொன்றில் எழுதினார். அவ்வீட்டில் மொழிகள் மாடிகளாகப் பிரிந்திருந்தன. மேல்மாடியில் தந்தையாரின் அறையில் ஆங்கிலம். கீழே தாயாரோடும் அடுக்களையோடும் தமிழ். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாற் கன்னடம். படியேறி இறங்கும்போதெல்லாம் மொழி மாறியது. இச்செய்தியை அவரே பலமுறை கூறியிருப்பதனால் அது ஒரு வகையில் இலக்கியப் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் அதிலிருந்து எழும் வினா அதிகங் கேட்கப்படவில்லை. மூன்று மொழிகளுள் எழுதுவதற்குரியனவாக அவர் மேல்மாடி மொழியையும் தெருமொழியையும் ஏன் தேர்ந்தார்? அடுக்களை மொழியை ஏன் விட்டார்?

விடை ஓரளவுக்கு மைசூரின் வரலாற்றிலேயே உண்டு. நவீன கன்னட இலக்கியத்தைக் கட்டியெழுப்பியோர் பட்டியலை எடுத்து நோக்கின், வீட்டிற் கன்னடம் பேசாதோர் அதில் வியக்கத்தக்க அளவுக்கு இடம்பெறுவதைக் காணலாம். நவீன கன்னடக் கவிதைக்கு வழிவகுத்த பி. எம். ஸ்ரீகண்டையா (1884–1946), நாடகத்தை மேட்டுக்குடியின் வாய்ப்பேச்சாலேயே எள்ளி நகையாடிய தி. ப. கைலாசம் (1884–1946), சிறுகதையின் தந்தையெனப் போற்றப்பெற்று 1983 ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசினைப் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் (1891–1986), பு. தி. நரசிம்மாச்சார் (1905–1998) ஆகியோர் அனைவரும் தமிழ்க் குடும்பங்களிற் பிறந்தவர்கள். கன்னடக் கவிதையின் இசையையே மாற்றிய த. ரா. பேந்திரேயின் தாய்மொழி மராத்தி. இவர்கள் எவரும் கன்னடத்திற்கு விருந்தாளிகளாக வந்தவர்கள் அல்லர். பள்ளியும் சந்தையும் நண்பர் கூட்டமும் கன்னடமாயிருந்த ஊரில் அம்மொழியே அவர்களுக்குப் பொதுவாழ்வின் மொழியாயிற்று. இராமானுஜன் இந்த மரபிலே வந்தவர். மைசூரில் தமிழ் அவருக்குத் தாயின் குரலாய் இருந்தது. எழுத்து மொழியாக, இலக்கண மொழியாக, பாடநூல் மொழியாக இருக்கவில்லை.

பழமொழியும் நாட்டார் கதையும் முதலில் அவரை ஈர்த்தன. பெல்காமில் ஆங்கில விரிவுரையாளராக இருந்த ஐம்பதுகளிலேயே கன்னட நாட்டார் கதைகளைச் சேகரிக்கத் தொடங்கிவிட்டார். கன்னடக் கவிதையிற் கோபாலகிருஷ்ண அடிகர் தலைமையில் நவ்ய இயக்கம் வேரூன்றிய காலம் அது. அலங்காரத்தையும் ஆவேசத்தையும் ஒதுக்கி, நகர மனிதனின் வறண்ட குரலைக் கவிதைக்குள் கொணர்ந்த இயக்கம். அதன் பின்னணியிலே இராமானுஜனின் முதற் கன்னடத் தொகுதி 1969 இல் வெளிவந்தது. அதன் பெயர் ‘ஹொக்குளல்லி ஹூவில்ல’. தமிழ் வாசகன் இத்தொடரின் முன் சற்றே நிற்க வேண்டும். பழங் கன்னடத்துப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது என்ற ஒரு விதியை மாத்திரம் நினைவிற் கொண்டால், பூ ஹூவாகும், பொக்குள் ஹொக்குளாகும். பொக்குள் என்பது கொப்பூழுக்கு எமது அகராதிகளில் உள்ள மறுபெயரே. ஆகவே அத்தலைப்பு, ‘பொக்குளிற் பூவில்லை’ என ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்துத் தமிழாகி நிற்கிறது. திருமாலின் உந்தியிலே தாமரை மலர்ந்து அதிலே பிரமன் தோன்றினான் என்பது வைணவக் குடும்பத்துப் பிள்ளை பாலோடு பருகும் செய்தி. அக்குடும்பத்தில் வந்த ஒருவர், என் உந்தியிற் பூ ஏதுமில்லை என்று அயல்மொழியல்லாத அயல்மொழியிற் கூறுகிறார். வீட்டின் தெய்வத்தை வீட்டின் மொழியில் மறுப்பது கடினம். தெருவின் மொழியில் அது இயன்றது. அவர் கன்னடத்திற் கவிதை எழுதியமைக்கு நான் காணும் உட்காரணங்களில் இதுவும் ஒன்று.

1977 இல் இரண்டாந் தொகுதி வந்தது. 1978 இல் வெளியான குறுநாவலின் பெயர் ‘மத்தொப்பன ஆத்மசரித்ரே’, அதாவது மற்றொருவனின் சுயசரிதை. தன்கதையைப் பிறன்கதையாகக் கூறும் இத்தலைப்பின் வேடிக்கையும் தற்செயலானதன்று. தாம் ஒருவரா பலரா என்ற ஐயம் அவருடைய எழுத்து முழுவதிலும் ஓடுகின்றது. ‘குண்டோபில்லே’ என்ற மூன்றாந் தொகுதி 1990 இல் வெளியாயிற்று.

இதற்கிடையில் அவர் மொழியியலாளராகவும் ஆகியிருந்தார். பூனாவின் தெக்கன் கல்லூரியிலே தொடங்கிய பயிற்சி, அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் 1963 இற் கலாநிதிப் பட்டமாக நிறைவெய்தியது. ஆய்வின் பொருள் கன்னடத்தின் ஆக்கமுறை இலக்கணம். நோம் சோம்ஸ்கியின் மொழிக்கொள்கை புத்தம் புதிதாக இருந்த அந்நாட்களில், வாக்கியங்களைப் பிறப்பிக்கும் விதிகளைக் கன்னடத்துக்கு எழுதிப் பார்த்த ஆய்வு அது. கவிஞரின் வாழ்க்கை வரலாற்றில் இதனை ஒரு வரியாக எழுதிவிட்டுப் போவதே வழக்கம். யானோ இதுவே அவருடைய தமிழ் வாசிப்பின் திறவுகோல் எனக் கருதுகிறேன். காரணத்தைப் பின்னர் கூறுவேன்.

1962 இற் சிகாகோவுக்கு வந்த புதிதில், பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணம் தேடி நூலகத்தின் அடித்தள அடுக்குகளுக்குள் இறங்கியவரின் கையில் உ. வே. சாமிநாதையரின் 1937 ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு அகப்பட்டது. தாயிடம் பேசிய மொழியிலே இரண்டாயிரமாண்டுப் பழமையான இப்படியொரு கவிதை இருந்தமையை அவர் அன்றுவரை அறிந்திருக்கவில்லை. தன் மரபேயாயினும் அது பிறப்பினால் வந்து சேர்வதில்லை, உழைத்தே மீட்கப்பட வேண்டும் என்ற கருத்தினை அவர் அந்நிகழ்ச்சியிலிருந்து வருவித்தார். இது தமிழருக்குப் புதிய அநுபவமன்று. 1880 இற் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்கும்வரை சாமிநாதையரே சீவகசிந்தாமணியை அறிந்திருக்கவில்லை. எமது யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும் அது ஏட்டோடு மடியுந் தறுவாயிலேயே இருந்தது. மறந்துபோன ஒன்றை வெளியிலிருந்து வந்து கண்டெடுப்பதே சங்க இலக்கியத்தின் நவீன வரலாறு. அந்த வரிசையிற் கடைசியாக வந்தவர், மிகத் தூரத்திலிருந்து வந்தவர், இராமானுஜன். அவர் அதனை ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்றார் என்பதிலும், முதலில் தமக்கே கொண்டு வந்தார் என்பதே பொருந்தும்.

ஐந்தாண்டுகளின் பின், 1967 இல், குறுந்தொகை மொழிபெயர்ப்பு ‘அகநிலக் காட்சி’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் வெளிவந்தது. அதன் முறையைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள் போன்றவை. ‘நேற்று மட்டக்களப்பிலிருந்து வந்த மாமா வாங்கிவந்த தயிரைக் கொட்டிய பிள்ளை அழுகிறது’ என்பதனை ஆங்கிலத்திற் கூறுவோர், பிள்ளையிலும் அழுகையிலும் தொடங்கித் தயிருக்குச் சென்று, மாமாவுக்குச் சென்று, நேற்றிலே முடிப்பர். தமிழில் இறுதியில் வெடிப்பது ஆங்கிலத்தில் முதலிலேயே வெளிப்பட்டு விடுகிறது. குறுந்தொகையின் அழகிற் பெரும்பகுதி இவ்வாறு அடைமேல் அடை அடுக்கி, கேட்பவனைக் காத்திருக்க வைத்து, ஈற்றடியில் உணர்ச்சியை விடுவிப்பதிலேயே தங்கியுள்ளது. இராமானுஜன் இதனை எவ்வாறு சமாளித்தார்? அடிகளைப் பக்கத்தின் குறுக்கே படிப்படியாக உள்தள்ளி அடுக்கினார். ஒரு சொல்லைத் தனியடியாகத் தொங்கவிட்டார். வாக்கியத்தை உடைக்காமலே வேகத்தைக் குறைத்தார். பாடலின் கீழ் உரையாசிரியர் தரும் கூற்றுக் குறிப்பை மேலே தூக்கித் தலைப்பாக்கினார். ‘தலைவன் கூற்று’ என்பது ‘அவன் சொன்னது’ என்றாயிற்று. ‘தலைவி தோழிக்குரைத்தது’ என்பது ‘அவள் தன் தோழிக்குச் சொன்னது’ என்றாயிற்று. இலக்கண ஆசிரியரின் முத்திரை, நாடகத்தின் முதல் அசைவாக மாறிவிட்டது. செம்மண்ணிற் பெய்த மழைநீரை உவமித்த அவ்வுவமையே பெயராக நிலைத்த செம்புலப்பெயனீரார், தம் ஊரும் இயற்பெயரும் அறியப்படாதவர், இன்று உலகக் காதற் கவிதைத் தொகுப்புகளில் இடம்பெறுவதற்கு இந்த உத்திகளே காரணம்.

இங்கேதான் கன்னடம் குறுக்கிடுகிறது. தமிழும் கன்னடமும் வாக்கிய அமைப்பில் ஒருவழிப்பட்டவை. பழந்தமிழ் வாக்கியம் எவ்விடத்திற் சுமை தாங்குகிறது என்பதைத் தமிழர் பலர் பழக்கத்தால் அறிவர். விதியாக எடுத்துக் கூற அவர்களால் இயலாது. கன்னட வாக்கியத்தை உறுப்புறுப்பாகக் கழற்றி விதி எழுதிய ஒருவருக்கு அது கைவந்தது. மேலும் ஒன்று. ஐந்திணை என்பதனை இராமானுஜன் ஓர் இலக்கணமாகவே வாசித்தார். குறிஞ்சி எனின் கூதிர் யாமம், புணர்தல், வேங்கை, மயில். நெய்தல் எனின் எற்பாடு, இரங்கல், கழி, சுறா. குறிப்பிட்ட சூழலிற் குறிப்பிட்ட உறுப்பே வரும். ஓர் உறுப்பைக் கூறினால் ஏனையவை கூறாமலே வந்து நிற்கும். தமது பிற்காலக் கட்டுரையொன்றில் அவர் இந்தியச் சிந்தனையையே சூழல் சார்ந்த விதிகளால் அமைந்தது என விளக்க முற்பட்டபோது, அந்தக் கலைச்சொல்லை மொழியியலிலிருந்தும், சான்றுகளுள் ஒன்றை எமது திணைக் கோட்பாட்டிலிருந்தும் எடுத்தார். கன்னட இலக்கணம் எழுதிய கை தொல்காப்பியத்தைத் தொட்டபோது நிகழ்ந்தது இது.

வசனங்களின் பங்கும் உண்டு. வீரசைவ அடியார்களான பசவண்ணர், தேவர தாசிமய்யர், அக்கமகாதேவி, அல்லமப் பிரபு ஆகியோரின் வசனங்களை அவர் 1973 இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். யாப்பைத் துறந்து, தெருப்பேச்சின் அமைதியில் இறைவனோடு வாதிடும் அவ்வாக்குகளை அவர் இளமையிலிருந்தே அறிந்தவர். கோயில் கட்டும் செல்வர்க்கு எதிராகத் தன் உடலையே கோயிலாக்கும் பசவண்ணரின் குரல் திருமூலரை அறிந்த எமக்கு அந்நியமன்று. அவருடைய சங்கத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் நாம் வியக்கும் எளிமை, உயர்நடையைத் தவிர்த்த சொற்செட்டு, பண்டிதர் மொழியினின்று வந்ததன்று. நவ்யக் கவிதையினின்றும் வசனத்தினின்றும் வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. 1981 இல் நம்மாழ்வாரைப் பெயர்த்தபோதும் அந்த எளிமையே துணைநின்றது. உந்தியிற் பூவில்லை என்றவர், உந்தித் தாமரையானைப் பாடிய ஆழ்வாரிடம் பன்னீராண்டின் பின் திரும்பினார். அந்நூலின் தலைப்பில் ஆழ்வார் என்ற சொல்லின் ஆழ்தலையும் அமிழ்தலையும் ஒருங்கே வைத்து விளையாடியமையை மறுப்பின் தளர்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. நம்பிக்கையை இழந்த பின்னரும் அதன் மொழியை இழக்க விரும்பாதவரின் விளையாட்டு அது.

இனி அவரோடு வழக்காட வேண்டிய இடத்திற்கு வருவோம். ஈழத்து மாணவருக்கு இவ்விடம் விசேட முக்கியத்துவம் உடையது. ஏனெனில் இராமானுஜனின் குறுந்தொகை வந்த மறு ஆண்டில், 1968 இல், பேராசிரியர் க. கைலாசபதியின் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல் ஒக்ஸ்போட்டில் வெளியாயிற்று. பேமிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்ந்தவர் கைலாசபதி. அவர் சங்கப் பாடல்களில் வாய்மொழிப் பாணரையும், மீண்டும் மீண்டும் வரும் வாய்பாட்டுத் தொடர்களையும், கிரேக்க, ஐரிஷ் வீரயுகங்களோடு ஒத்த ஒரு சமுதாயத்தையும் கண்டார். பேராசிரியர் கா. சிவத்தம்பியோ 1974 இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில், ஐந்து நிலங்களையும் சமனற்ற வளர்ச்சியுடைய ஐந்து பொருளாதார வாழ்வுகளாக விளக்கினார். வேட்டையும் மேய்ச்சலும் உழவும் மீன்பிடியும் உப்பு விளைத்தலும் ஒரே காலத்தில் அருகருகே நிலவிய தமிழகத்தின் வரைபடமே திணை என்பது அவர் முடிபு.

ஆக, ஒரே பாடல்கள், ஒரே தசாப்தம், மைசூர்த் தமிழர் ஒருவர் அவற்றில் மனத்தின் நிலத்தைக் கண்டார், ஈழத்தமிழர் இருவர் மண்ணின் நிலத்தைக் கண்டனர். எது சரி? எமது விரிவுரை மண்டபங்களில் இரண்டும் சரியே எனக் கூறி அமைவது வசதியானது. எனக்கு அது போதவில்லை. இராமானுஜன் தந்த ‘அக நிலம்’ என்ற தொடர், நெய்தலை இரங்கலின் குறியீடாக மாத்திரம் காண மேலைநாட்டு வாசகனைப் பழக்கிவிட்டது. நெய்தலில் இரங்கும் பெண்ணின் தந்தை மீனவன். அவள் பகலெல்லாம் காய வைத்த மீனுக்குப் புள் ஓட்டுகிறாள். உப்பு வண்டிகள் உள்நாட்டுக்குச் செல்ல, நெல்லுக்கு உப்பு மாறப்படுகிறது. தலைவனின் தேர் அவ்வூர்த் தேரன்று. இந்த ஏற்றத்தாழ்வே பல பாடல்களில் துயரின் மூலகாரணம். கரையோர மக்கள் நிறைந்த கொச்சிக்கடையில் வாழும் ஒருவர் நெய்தற்றிணையை வாசிக்கும்போது மீனின் மணத்தை ஒதுக்கிவிட்டு வாசிக்க இயலாது.

ஆயினும் நியாயம் கூறின், இராமானுஜன் மீனையும் உப்பையும் பாடல்களிலிருந்து அகற்றினார் அல்லர். பொருள்களின் பெயர்களையும் செயல்களையும் அவரளவு கவனமாகப் பெயர்த்தவர் சிலரே. குறுகியது அவருடைய விளக்கச் சட்டகம். மொழிபெயர்ப்பு அச்சட்டகத்தினும் விரிந்தது. 1985 இல் வெளியிட்ட பெருந்தொகுப்பிலே அகத்தையும் புறத்தையும் ஒருங்கே வைத்து, காதலின் நிலமும் போரின் நிலமும் ஒன்றே எனக் காட்டும் அளவுக்கு அவர் நகர்ந்தமை குறிப்பிடத்தக்கது. ஆனால் அந்நிலம் யாருக்குச் சொந்தமாயிருந்தது, விளைச்சலை யார் பெற்றனர் என்ற வினாக்கள் அங்கும் எழவில்லை. மொழியியல் விதிகளால் திணையைக் கண்டவருக்கு, அவ்விதிகள் எத்தகைய வாழ்விலிருந்து பிறந்தன என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது. திறவுகோல் எனக் கூறியதே அவருக்கு ஓர் எல்லையுமாயிற்று. கன்னடத் தரப்பிலிருந்தும் இதனையொத்த மறுப்பு எழுந்தது. தேஜஸ்வினி நிரஞ்சனா 1992 இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு ஆய்வு நூலில், அல்லமப் பிரபுவின் வசனத்தை இராமானுஜன் மேலைநாட்டு நவீனக் கவிதைச் சுவைக்கேற்ப வழுவழுப்பாக்கிவிட்டார் என வாதிட்டார். வீரசைவ இயக்கத்தை ஐரோப்பியப் புரட்டஸ்தாந்து இயக்கத்தோடு அவர் ஒப்பிட்டமையும் கண்டிக்கப்பட்டது. இவ்விமரிசனத்தில் உண்மை உண்டு. எனினும் மூலத்தின் கரடுமுரடைக் காக்கும் பெயரால் எவரும் வாசியாத மொழிபெயர்ப்புகளை அடுக்கிவைத்திருக்கும் எமக்கு, அவரைக் கண்டிப்பதில் அவசரம் ஆகாது.

வாழ்வின் பிற்பகுதியில் அவரை மிகுதியும் ஆட்கொண்டவை அடுக்களைக் கதைகள். பாட்டிமாரும் அத்தைமாரும் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது கூறும் கன்னடக் கதைகளை அவர் இலக்கியமாகவே மதித்தார். அகம், புறம் என்ற தமிழ்ப் பாகுபாட்டைக் கொண்டே அவற்றை வகுக்க முயன்றார். வீட்டுள் கூறப்படுவது அகக்கதை. பாகவதர் மன்றில் கூறுவது புறக்கதை. தொல்காப்பியம் ஒரு கன்னடக் கிழவியின் அடுக்களையில் பயன்படக் கண்டது நமது இலக்கணத்துக்கு வாய்த்த எதிர்பாராத பேறு. ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரிந்திருந்தும் எவருக்கும் கூறாது வைத்திருந்த பெண்ணொருத்தியிடமிருந்து அவை தாமே வெளியேறி, செருப்பாகவும் மேலங்கியாகவும் உருமாறி, அவள் கணவனுக்குச் சந்தேகம் மூட்டிய கதை அவர் சேகரித்தவற்றுள் ஒன்று. கிரீஷ் கர்னாட் 1988 இல் எழுதிய ‘நாகமண்டல’ நாடகம் இராமானுஜனிடமிருந்து கேட்ட இரு கதைகளிலிருந்து உருவானது. மரமாக மாறிப் பூச்சொரியும் பெண்ணின் கதையோ 1992 இற் கர்னாட்டின் திரைப்படமாகி, 2006 இல் ஜோன் அடம்ஸின் இசைநாடகமாக வியன்னாவில் மேடையேறியது. அப்போது இராமானுஜன் இல்லை. 1993 ஜூலை 13 ஆந் திகதி சிகாகோவிற் காலமாகியிருந்தார்.

இறந்த பின்னரும் அவருக்கு ஒரு வழக்கு வந்தது. 1987 இல் ஒரு மாநாட்டுக்காக எழுதி 1991 இல் அச்சேறிய, இராமாயணங்களின் பன்மை பற்றிய அவரது கட்டுரை டில்லிப் பல்கலைக்கழக வரலாற்றுப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. 2008 இல் அதற்கெதிராக வன்முறை நிகழ்ந்தது. 2011 ஒக்டோபரில், நிபுணர் குழுவிற் பெரும்பான்மையோர் ஆதரித்திருந்தும், கல்விக்கழகம் அதனை நீக்கியது. அக்கட்டுரை வான்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் ஒப்பிடுகிறது; சமண இராமாயணங்களையும் தாய்லாந்தின் இராமகியனையும் நோக்குகிறது; அவற்றோடு ஒடுக்கப்பட்ட சாதிப் பாடகர் ஒருவரின் கன்னட வாய்மொழிக் கதையொன்றையும் சமமாக வைக்கிறது. அக்கதையில் இராவுளன் எனப்படும் இராவணன் மாங்கனியைத் தான் உண்டு கொட்டையை மனைவிக்குக் கொடுக்கிறான், அதனால் தானே கருவுறுகிறான், ஒன்பது நாளில் தும்முகிறான், சீதை பிறக்கிறாள். கன்னடத்தில் ‘சீத’ என்றால் ‘தும்மினான்’ என்பது பொருள். ஒரு வினைச்சொல்லின் மேல் ஒரு முழு இராமாயணம் நிற்கிறது. வேறெந்த மொழியிலும் அது பிறந்திருக்க முடியாது. மொழிகள் பலவாதலின் கதையும் பலவாகிறது என்பதே கட்டுரையின் உட்கிடை. அதனை அஞ்சியோர் அஞ்ச வேண்டியதையே அஞ்சினர் என்று கூறலாம். இராவணனை நாயகனாகவும் அரக்கனாகவும் சிவபக்தனாகவும் தத்தமக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த இலங்கையில் அக்கட்டுரை பாடமாக வேண்டிய தேவை டில்லியிலும் அதிகம்.

இவற்றையெல்லாம் இங்கிருந்து நோக்கும்போது ஒரு கேள்வி உறுத்துகிறது. கொச்சியிலிருந்து வந்தோரின் கடைகளாற் பெயர் பெற்றதெனக் கூறப்படும் கொழும்புக் கொச்சிக்கடையிலும், அடுத்துள்ள கொட்டாஞ்சேனையிலும் இராமானுஜனின் மைசூர் வீடு ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறது. வீட்டிலே தமிழ், தெருவிலே சிங்களம், அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலம். அந்தோனியார் கோயிலில் மூன்று மொழிகளிலும் மன்றாட்டு ஒலிக்கிறது. ஆனால் எம்மிற் பெரும்பாலோர் தெருவின் மொழியை விலை பேசக் கற்கிறோம். விண்ணப்பம் நிரப்பக் கற்கிறோம். கவிதை எழுதுமளவுக்குக் கற்பதில்லை. மைசூரில் நிகழ்ந்தது இங்கு ஏன் நிகழவில்லை?

எளிதில் ஒப்பிட்டு எம்மையே குறைகூறிவிடுவதும் பொருந்தாது. இராமானுஜனுக்குக் கன்னடம் நண்பர்களின் மொழியாக வந்தது. எமக்குச் சிங்களம் 1956 இற் சட்டமாக வந்தது. சட்டமாக வந்த மொழியிற் காதற்கவிதை எழுதுவது கடினம். நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம் வரையிலான கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல தமிழை விட்டுச் சிங்களத்துக்கு மாறிய வரலாறும் எம் கண்முன் உண்டு. தெருமொழியை ஏற்பது வீட்டுமொழியை இழப்பதில் முடியும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலில்லை. மைசூர்த் தமிழர் கன்னடத்தில் எழுதியபோது எவரும் அவர்தம் வீட்டுத் தமிழைப் பறித்தாரில்லை.

அதேவேளை, அந்த 1956 ஆம் ஆண்டிலேயே எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியமையையும் மறத்தலாகாது. அவர் கையாண்ட நாடகம என்ற வடிவத்தின் பெயரும் ஆட்டமும் பாட்டும் கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்து மரபோடு உறவுடையவை. அதன் தூண்டுதல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேற்கொண்ட கூத்து மறுமலர்ச்சியிலும் எதிரொலித்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ எம். எம். உவைஸின் தமிழில் ‘கிராமப் பிறழ்வு’ ஆயிற்று. கொடுக்கல் வாங்கல் இருந்தே வந்திருக்கிறது. ஆனால் வீட்டிற் கேட்ட தமிழையும் தெருவிற் கேட்ட சிங்களத்தையும் ஒரே கையால் இலக்கணமாக எழுதி, ஒன்றன் துணையால் மற்றதன் பழங்கவிதையைத் திறந்து காட்டக்கூடிய ஒருவர் எமது கலைப்பீடங்களின் மொழித்துறைகளிலிருந்து உருவாவதற்கான பாடத்திட்டம் கூட எம்மிடம் இல்லை. தமிழ்த்துறை ஒரு மாடி. சிங்களத்துறை மற்றொரு மாடி. இடையிலே படிக்கட்டைக் காணோம்.

தமிழ்ச் சங்கங்கள் செய்யக்கூடிய சிறு பணி ஒன்றும் உண்டு. இராமானுஜனின் கன்னடக் கவிதைகளும் குறுநாவலும் 2006 இல் வேறு இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பாக ஒக்ஸ்போட் வெளியீடாக வந்தன. தமிழ்ப்பேச்சில் வளர்ந்த ஒருவர் எழுதிய கன்னடத்தை நாம் ஆங்கிலத்தின் வழியே வாசிக்கிறோம். பொக்குளுக்கும் ஹொக்குளுக்கும் இடையிலுள்ள ஓரெழுத்துத் தூரத்தை இரண்டு சமுத்திரஞ் சுற்றிக் கடக்கிறோம். கன்னட எழுத்தைக் கற்பதற்குத் தமிழ் மாணவன் ஒருவனுக்குச் சில வாரங்கள் போதும். தொடங்குவோர்க்குக் ‘குண்டோபில்லே’ தக்கது: அப்பெயர் நிலத்திற் கோடு கீறி ஒற்றைக்காலிற் கெந்தி விளையாடும் சிறுவர் விளையாட்டைக் குறிப்பது, அதனைக் கொச்சிக்கடை ஒழுங்கைகளிலும் பிள்ளைகள் மூன்று மொழியிலும் சச்சரவிட்டுக்கொண்டு ஆடுகின்றனர்.